டீ ஆறுவதற்குள் கொடைக்கானல்

தொப்பம்பட்டியிலிருந்து தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் குறுக்கே படுத்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் தூசி அடங்கிய மறுநாள் காலை அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். சித்திரை மத்தியானத்தில் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். அதன் உச்சியில், பழனியிலிருந்து 64 கிலோமீட்டர் சாலைத் தொலைவில் கொடைக்கானல். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதாலோ என்னவோ, டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது: "மேலே போகப் போக சூரியனுக்குப் பக்கத்துல தானுங்க போறோம்? அப்புறம் எப்படி அங்கே குளுருது?"

நல்ல கேள்வி. சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர். 15 கோடியில் இரண்டு கிலோமீட்டர் குறைந்தால் வெயிலுக்கு அது தெரியப்போவதில்லை. அதனால் 'பக்கம்' என்ற பேச்சை விட்டுவிடுவோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் நேர் வெயில் அல்ல, தரை. வெயில் காற்றை ஊடுருவி வந்து தரையைச் சுடுகிறது. சுட்ட தரை தன்னைத் தொட்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. மேலே போகப் போக அதை அமுக்கிக்கொண்டிருந்த காற்றின் பாரம் குறைகிறது, அதனால் அது விரிகிறது. விரிகிற காற்று குளிரும். சைக்கிள் பம்பில் காற்றை அமுக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா, அதன் மறுபக்கம்தான் இது. சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். நம் சமவெளிக்கும் கொடைக்கானலுக்கும் சுமார் 1,800 மீட்டர் வித்தியாசம். பதினொன்று பன்னிரண்டு டிகிரி அதிலேயே போய்விட்டது. மீதியை மேகமும் மரநிழலும் பார்த்துக்கொள்கின்றன.

அந்தக் குறைந்த பாரத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமா? இங்கே வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறுங்கள். பெருமாள்மலை வருவதற்குள் வெடிக்கிற மாதிரி உப்பியிருக்கும். டீயிலும் தெரியும். கொடைக்கானலில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று தூளைப் போட்டு உடனே வடிகட்டினால் சாயம்தான் இறங்கும், சாறு இறங்காது. மலையில் டீத்தூளைக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சுவதற்கும், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாமல் படுத்துவதற்கும் காரணம் இதுதான்.

இனி மேகம். கொடைக்கானல் போய்வந்தவர்களில் பாதிப்பேர் சொல்லும் குறை, "ஒண்ணுமே தெரியலைங்க, எல்லாம் வெள்ளையா இருந்துச்சு" என்பது. எத்தனை மணிக்குப் போய் நின்றீர்கள் என்று கேட்டால் மதியம் ஒரு மணி, இரண்டு மணி என்பார்கள். தப்பு மலையின் மேல் இல்லை. காலை வெயிலில் மலைச்சரிவு சூடேறும். சரிவை ஒட்டிய காற்று பள்ளத்தாக்கிலிருந்து மெல்ல மேலேறத் தொடங்கும். ஏறுகிற காற்று குளிரும் என்று இப்போதுதானே பேசினோம். குளிர்ந்த காற்றால் தன்னிடமுள்ள ஈரத்தைத் தாங்க முடியாது, அது நுண்ணிய துளிகளாகிவிடும். அதுவே மேகம். பத்து மணிவாக்கில் பள்ளத்தாக்கின் அடியில் பஞ்சுத் துணுக்காகத் தொடங்குவது, பல நாட்களில் மதியத்துக்குள் விளிம்பைத் தாண்டி உங்கள் சட்டையை ஈரமாக்கிவிடும். 122 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் தூண் பாறைகள்கூடக் கண் எதிரிலேயே காணாமல் போகும்.

ஆகவே விளிம்பில் நின்று பார்க்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் காலையில் போய்விட வேண்டும். கோக்கர் என்ற பொறியாளர் 1872 வாக்கில் மலை விளிம்பை ஒட்டி அமைத்த நடைபாதை சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். விடிந்ததும் அதில் நடப்பவர்களுக்குக் கீழே சமவெளி முழுக்கக் கிடைக்கும். பிற்பகலில் அதே இடத்தில் வேறொரு வேடிக்கை உண்டு, அதிர்ஷ்டம் வேண்டும். வெயில் முதுகில் விழ, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் நின்றால், உங்கள் நிழல் அந்த மேகத்தின் மேல் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு வளையம் அவர் தலையைச் சுற்றித்தான் தெரியும், உங்கள் தலைக்கு இருப்பதை அவர் பார்க்க முடியாது. ஒளி துளிகளில் பட்டு வந்த வழியே திரும்புவதால் அவரவர் கண்ணுக்கு அவரவர் வளையம்தான்.

காலைதான் நல்லது என்பது என் சொந்தக் கட்சி மட்டும் இல்லை. 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்காரர்களும் அதே கட்சிதான். தரை சூடேறிக் காற்று அலைக்கழிவதற்கு முன், விடிந்து கொஞ்ச நேரத்துக்குள் எடுத்த சூரியப் படமே தெளிவாக இருக்கும். 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். இன்றும் உலகம் முழுக்க வானியல் பாடப் புத்தகங்களில் அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிறவர் உங்களிடம் இதைச் சொல்ல மாட்டார்.

ஏரியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. மதுரை கலெக்டராக இருந்த வீர் லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்துக் கட்டியது. சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். காலை ஆறரைக்கு நடந்தால் அருமை, பதினொரு மணிக்கு நடந்தால் ஹாரன்.

நம் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டியது ஏரியை விடச் சோலையை. மலைமேல் இயற்கையாக இருந்தது இரண்டு: மேட்டிலும் சரிவிலும் புல்வெளி, மடிப்புகளுக்குள் அடர்ந்த குட்டை மரக்காடு. அந்தக் காட்டுக்குத்தான் சோலை என்று பெயர். ஏன் மரம் மடிப்புக்குள் மட்டும்? மார்கழி, தை இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழும். சோலை மரக்கன்று அதைத் தாங்காது, புல் தாங்கும். மடிப்புக்குள் காற்றும் பனியும் அடங்கியிருப்பதால் மரம் பிழைக்கிறது. சோலைக்குள் போய் நின்றால் தரை மண்ணாக இருக்காது, காலடியில் மெத்தென்று அமுங்கும். இலைமக்கு பல விரல் கனம். கிளையெல்லாம் பாசி. மழை அந்த மக்கில் இறங்கி, மழை நின்று வாரக்கணக்கான பிறகும் ஓடையில் கசிந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கசிவு எங்கே வருகிறது என்று கேளுங்கள். மலையின் வடமுகத்து ஓடைகள் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி என்று பழனிப் பக்கம் இறங்கி, சண்முக நதியாகச் சேர்ந்து, வடக்கே ஓடி அமராவதியில் கலக்கின்றன. நம் சமவெளியிலோ ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும், மேகம் தலைக்கு மேலே ஓடும், மழை மட்டும் இறங்காது. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைகள் வாங்கிக்கொள்வதால் நமக்கு இந்த நிலை. சமவெளியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மழை வாங்கும் கொடைக்கானல்தான் இந்தப் பக்கத்து ஆயக்கட்டுக்கும் கிணற்றுக்கும் ஈடு கொடுக்கிறது. ஆகவே சோலையில் பாலித்தீன் பையை எறிகிறவரைக் கண்டால் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் கோபப்பட நியாயம் இருக்கிறது.

புல்வெளியில் பெரும்பகுதி இப்போது இல்லை. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும் என்று சீகை, தைலமரம், பைன் ஆகியவற்றைக் கொண்டுவந்து நட்டார்கள். சீகைக்கு உறைபனி ஒரு பொருட்டே இல்லை. புல் இருந்த சரிவெல்லாம் அது ஏறிவிட்டது. எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடும் அப்படி நட்டதுதான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அடியில் பூச்சி பறவை எதுவும் பெரிதாக இல்லாத ஓர் அமைதி அது. சோலையில் பத்து நிமிஷம் நின்றவருக்கு வித்தியாசம் புரியும். புல் போனதால் காட்டுமாடு ஊருக்குள் வருகிறது. கடைவீதியில் சாவகாசமாக நடந்துபோகும். பார்க்கச் சாதுவாக இருக்கும், எடையோ ஒரு டன் வரை. செல்ஃபிக்கு அது சம்மதிக்காது.

குறிஞ்சிப் பூவைக் கேட்பீர்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாச் செடியும் சேர்ந்து பூத்து, விதைத்து, காய்ந்துவிடும். 2006, 2018 முடிந்தது; அடுத்தது 2030. அதுவரை குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போய்வரலாம். இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி, பிறப்பால் ஐரோப்பியர், 1936-இல் கட்டுவித்த முருகன் கோயில் அது. மேகமில்லாத காலையில் அங்கிருந்து வடக்கே பழனி மலை தெரியும், அதற்கும் அப்பால் நம் நிலம்.

நேரம் இருந்தால் டவுனோடு நிற்காமல் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போங்கள். படிப்படியாக வெட்டிய சரிவில் பூண்டும் கேரட்டும் கிடக்கிற அழகு, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற எந்தப் பூங்காவிலும் இல்லை. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் அது, அதனால் அந்தக் கெடுபிடி சரிதான்.

கிளம்புவதற்கு முன் இரண்டு விஷயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸ் முறை இருக்கிறது. முதல் நாளே போனில் எடுத்துவிடுங்கள், சோதனைச்சாவடியில் நின்று சிக்னல் தேடாதீர்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை, எவர்சில்வர் பாட்டில் போதும். பழனியை விடியுமுன் தாண்டினால் வெயில் ஏறுவதற்குள் மேலே இருக்கலாம். திரும்பும்போது மலைப்பூண்டு வாங்குவீர்கள், புவிசார் குறியீடு பெற்றது. பல் சிறிதாக, காரமும் வாசமும் தூக்கலாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கவருக்குள் வைத்து மூடாமல் காற்றாடக் கட்டித் தொங்கவிடுங்கள், மாதக்கணக்கில் கெடாது.