நகரத்து அடுப்பும் நாட்டுப்புற வயலும்

தெமட்டகொடையிலே ஒரு வீட்டில் உலை வைக்கப்படுகிறது. அதற்குரிய அரிசி பொலன்னறுவையிலிருந்தும், மரக்கறி நுவரெலியாவிலிருந்தும் வந்து சேர வேண்டும். வயலற்ற நகரவாசிக்கு உணவுப் பிரச்சினை விளைச்சலோடு முடிவதன்று. வழியும் விலையும் அதனுள் அடங்கும்.

இவ்வுண்மையை இலங்கை முன்னரே கண்டது. 1953ஆம் ஆண்டில் பங்கீட்டரிசி ஒரு கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் மூண்டது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பின்னர் 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டமையால் விளைச்சல் குன்றியது. அந்நியச் செலாவணியும் வற்றியது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. அதாவது, முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்குக் கிடைத்த உணவுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபா கொடுக்க நேர்ந்தது.

பரிகாரம் யாது? மாடிவீட்டுச் சாக்குகளிலே கங்குனும் வல்லாரையும் வளரும்; சமையற் கழிவே உரமாகும். ஆயினும் சாக்கில் நெல் விளையாது. ஆகவே தோட்டத்தோடு சங்கக்கடையும் வேண்டும். 1957இல் தோன்றிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் காட்டிய வழி அதுவே. உழவரிடம் நேரே கொள்முதல் செய்து தெருமுனையில் நியாய விலைக்கு விற்றால், இடைத்தரகர் இலாபம் குறையும். இருப்பும் கைவசம் நிற்கும். வாங்கும் ஆற்றலற்றோர்க்கு நிவாரணமும் சேரவேண்டும். அயலார் கூடி இம்மூன்றையும் பேணுமிடத்து, தொலைவில் நேரும் தட்டுப்பாடு அவ்வீட்டு அடுப்பை உடனே அணைத்துவிடாது.