மின்பொறி வடிவமைப்போர்

தென்காசிக்கு அருகில், குற்றாலமலையின் அடிவாரத்தில் அமைந்த அழகிய ஊர் இலஞ்சி. சாரற்காலத்தில் அவ்வூரில் நிற்போர் இயற்கையின் இருபெரும் ஆற்றல்களை ஒருங்கே உணரலாம். ஒன்று, மலையினின்று இழியும் நீர். மற்றொன்று, செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்கிலிருந்து புகுந்து வீசும் காற்று. இவ்வாற்றல்களை மின்சாரமாக மாற்றும் பொறிகளை எண்ணி, அளந்து, வரைந்து தருவோரே வடிவமைப்புப் பொறியாளர் ஆவர்.

அருவியின் அழகைக் கண்டு பொறியாளர் மயங்குவதில்லை. குற்றாலத்தில் நீர் உயரத்திலிருந்து விழுகின்றது. ஆயினும் பருவம் மாறினால் அது மெலிந்துவிடும். மின்நிலையத்துக்கோ வீழ்ச்சியோடு, வேண்டும்பொழுது திறந்துவிடத்தக்க தேக்கமும் வேண்டும். இலஞ்சிக்குத் தெற்கே, தாமிரபரணி பாயும் பாபநாசத்தில் இவ்விரண்டும் வாய்த்தன. அங்கு 1944ஆம் ஆண்டில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று.

நீர்மின் நிலையத்தில், அணையின் நீர் பெருங்குழாய் வழியே விரைந்து வந்து சுழலியைச் சுழற்றும். அதனோடு இணைந்த மின்னாக்கி மின்சாரம் தரும். பொறி செம்மையாக ஓடும் நாளை எண்ணுதல் எளிது. மின்கம்பி அறுந்து, ஊர்களுக்குச் செல்லும் மின்சாரம் திடீரென நின்றுவிட்டால் என்ன நேரும்? சுமை நீங்கிய சுழலி கட்டுமீறி விரையும். அவ்விரைவு வரம்பு கடந்தால் பொறி சிதறலாம். அருகில் நிற்போர் உயிருக்கும் இடர் நேரலாம்.

‘உடனே நீரை அடைத்துவிடலாமே!’ என்று தோன்றும். ஆனால் ஓடிவரும் நீரைச் சட்டென்று தடுத்தால், குழாயினுள் அழுத்தம் பெருகிக் குழாயே வெடித்தல் கூடும். மெல்ல அடைத்தால் பொறிக்குக் கேடு. விரைந்து அடைத்தால் குழாய்க்குக் கேடு. இவ்விரண்டுக்கும் இடையே, அடைப்பதற்குரிய நொடிகளைக் கணக்கிட்டு வரையறுப்பவர் பொறியாளரே. அக்கணக்கில் நேரும் சிறு பிழையும் பெருந்தீங்காய் முடியும். எனவே ஒருவர் கணக்கை மற்றொருவர் சரிபார்ப்பது இத்தொழிலின் ஒழுக்கம்.

காற்றுக்கும் இது பொருந்தும். தென்காசிக்குக் கீழ்த்திசையில், சுரண்டை முதலிய ஊர்ப்பக்கங்களில் இன்று காற்றாலைகள் பல நிற்கின்றன. காற்றின் வேகம் இருமடங்கானால், அது சுமந்துவரும் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே, நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தைக் காற்று கடந்தால், இறகுகள் தாமே திரும்பிக் காற்றுக்கு வழிவிட்டு நிற்குமாறு பெரும்பாலான காற்றாலைகள் அமைக்கப்படுகின்றன.

மாணவர்களே! ஆற்றலை இயக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நிறுத்தவும் தெரிதல் வேண்டும். நம் இல்லத்து விளக்கு இரவில் அமைதியாக ஒளிர்வதன் பின்னே, இடர் நேரக்கூடிய நாளை முன்னரே எண்ணிப் பார்த்த ஒருவரின் அறிவும் பொறுப்பும் இருக்கின்றன.