சாமை, புளி, ஸ்கில் சர்டிஃபிகேட்... அமிர்தியில இருந்து அரசு மானியத்தைப் பிடிப்பது எப்படி?

வேலூர்க்காரங்களுக்கு அமிர்தின்னா ஞாயிற்றுக்கிழமை. பைக்கை எடுத்தா சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையோட அடிவாரம், 1967-ல் தொடங்கின வன உயிரியல் பூங்கா, மழைக்காலத்துல அருவி, ரெண்டு செல்ஃபி... சாயங்காலம் வீடு திரும்பிடலாம்.

ஆனா, திங்கட்கிழமை அமிர்தி எப்படி இருக்கும்னு யோசிச்சிருக்கீங்களா? டூரிஸ்ட் கூட்டம் கலைஞ்சதும், அந்தப் பக்கத்து மலைக் கிராமங்கள்ல ப்ளஸ் டூ முடிச்ச பையனுக்கும் பொண்ணுக்கும் முன்னாடி ஒரே கேள்விதான். `அடுத்து என்ன?' ஆம்பூர் ஷூ கம்பெனியா, ஒரகடம் ஃபேக்டரியா, இல்ல அப்பாவோட சாமைக் காடா?

இதைவிட மோசமான ஒரு நாலாவது வழியும் அங்கே இருந்துச்சு. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டுல, செம்மரம் வெட்டப் போனவங்கன்னு சொல்லி 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது ஆந்திர போலீஸ். இறந்தவங்கள்ல ஜவ்வாது மலையையும், கண்ணமங்கலம், படவேடு பக்கத்துக் கிராமங்களையும் சேர்ந்தவங்க இருந்தாங்க. உள்ளூர்ல உருப்படியான வருமானம் இல்லாத இடத்துக்குத்தான் புரோக்கர் அட்வான்ஸோட வருவான். அதனால `தொழில் மானியம்', `திறன் பயிற்சி'ங்கிற போரடிக்கிற வார்த்தைகள், இந்த மலையில உயிரோட சம்பந்தப்பட்டவை. கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல, மானியம்னா என்ன?

`கவர்ன்மென்ட்ல 35 பர்சன்ட் ஃப்ரீயா தர்றாங்களாம்'னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு வந்திருக்கும். அது பாதி உண்மை. யாரும் கையில பணத்தைக் கொடுத்து அனுப்ப மாட்டாங்க. முதல்ல பேங்க் உங்களுக்குக் கடன் கொடுக்கணும். அந்தக் கடனோட ஒரு பகுதியை அரசு கட்டுறதுதான் மானியம்.

மத்திய அரசோட பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே எடுத்துக்குவோம். எல்லாரும் பி.எம்.இ.ஜி.பி-ன்னு சொல்வாங்க. 2008-ல இருந்து இருக்கு. உற்பத்தித் தொழில்னா 50 லட்சம், சேவைத் தொழில்னா 20 லட்சம் வரைக்கும் திட்டம் போடலாம். கிராமத்துல தொடங்குற பொதுப்பிரிவினருக்கு 25 சதவிகிதம், பெண்கள், பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டவங்களுக்கு 35 சதவிகிதம் மானியம்.

அமிர்தியில ஒரு பழங்குடிப் பெண் 5 லட்சத்துல சாமை அரைக்கிற யூனிட் போடுறாங்கன்னு வைங்க. கணக்கு இப்படி வரும்:

* கைப்பணம் 5 சதவிகிதம்: 25,000 ரூபாய்
* பேங்க் கடன்: 4,75,000 ரூபாய்
* இதுல அரசு மானியம் 35 சதவிகிதம்: 1,75,000 ரூபாய்
* அவங்க அசலாகத் திருப்பிக் கட்டுறது: 3,00,000 ரூபாய், அதுக்கான வட்டி தனி

இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோறாங்க. அந்த 1,75,000 ரூபாய் மூணு வருஷம் பேங்க்லயே டெபாசிட்டா பூட்டிக் கிடக்கும். அந்தத் தொகைக்கு ஈடான கடனுக்கு வட்டி கிடையாது. மூணு வருஷம் கழிச்சு, யூனிட் உண்மையிலேயே நடக்குதான்னு பார்த்துட்டுத்தான் கடன்ல கழிப்பாங்க. நடுவுல கடையை மூடிட்டா மானியம் திரும்பிப் போயிடும். மானியத்துக்காக மட்டும் தொழில் தொடங்காதீங்கன்னு பெரியவங்க சொல்றது இதுக்காகத்தான்.

தமிழ்நாடு அரசு என்ன தருது?

நம்ம மாநிலத்துக்குன்னு தனித் திட்டங்கள் இருக்கு. உங்களுக்கு எது பொருந்தும்னு பாருங்க.

* யு.ஒய்.இ.ஜி.பி: வேலையில்லாத இளைஞர்களுக்கானது. எட்டாவது பாஸ் போதும். 15 லட்சம் வரையிலான தொழிலுக்கு 25 சதவிகித மானியம், அதிகபட்சம் 3.75 லட்சம்.
* நீட்ஸ்: டாக்டர் ஆகுற தேர்வு இல்லைங்க, இது தொழில்முனைவோர் திட்டம். படிச்சவங்களுக்கு. 10 லட்சத்துல இருந்து 5 கோடி வரையிலான திட்டத்துக்கு 25 சதவிகிதம், அதிகபட்சம் 75 லட்சம். கூடவே வட்டியில 3 சதவிகிதம் சலுகை.
* அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்: பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு மட்டும். 35 சதவிகித மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி. வட்டியில 6 சதவிகிதம் சலுகை.

இந்த மூணுக்கும் நீங்க ஏறவேண்டிய படி ஒண்ணுதான். அது மாவட்டத் தொழில் மையம்.

சாமை, பலா, தேன் மாதிரி உணவுப்பொருள்னா, 2020-ல வந்த பி.எம்.எஃப்.எம்.இ திட்டத்துல 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் இருக்கு. உணவு பதப்படுத்துற மகளிர் குழுவுல இருந்தா உறுப்பினர் ஒருத்தருக்கு 40,000 ரூபாய் வரை விதைமூலதனம் உண்டு.

எந்த மாவட்டம்? அதுவே ஒரு கேள்வி!

ஜவ்வாது மலைக்காரங்களுக்கு இது தனித் தலைவலி. மலை ஒண்ணு, மாவட்டம் மூணு. அமிர்தி வேலூர் மாவட்டம். ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். காவலூர் திருப்பத்தூர் மாவட்டம். 2019-ல வேலூரைப் பிரிச்ச பிறகு சில கிராமங்களுக்கு ஆபீஸே மாறிடுச்சு. உங்க ஆதார்ல இருக்கிற முகவரியும், யூனிட் போடுற இடமும் எந்த மாவட்டம்னு பார்த்துட்டு பஸ் ஏறுங்க. இல்லைன்னா ஒருநாள் கூலி போச்சு.

அடுத்தது சாதிச்சான்று. மலையாளி பழங்குடியினர் எல்லா மாவட்டத்துலயும் எஸ்.டி பட்டியல்ல இல்லை. பழைய வட ஆற்காடு, சேலம், தருமபுரி மாதிரி குறிப்பிட்ட சில மாவட்டங்கள்ல மட்டும்தான். ஜவ்வாது மலை பழைய வட ஆற்காட்டுல வர்றதால இங்கே சிக்கல் இல்லை. ஆனா எஸ்.டி சான்று தாசில்தார்கிட்ட கிடைக்காது, கோட்டாட்சியர்தான் தரணும். கூடுதல் மானியம், வட்டிச் சலுகை எல்லாமே அந்த ஒரு காகிதத்துலதான் நிக்குது. தொழில் யோசனை வர்றதுக்கு முன்னாடியே அதை வாங்கி வெச்சுக்குங்க.

`பட்டா இருக்கா?'ன்னு பேங்க்ல கேட்டா?

மலைக் கிராமத்துல பாதி பேர் இந்த இடத்துலதான் திரும்பி வந்துடுறாங்க. காட்டையொட்டின நிலத்துக்குப் பட்டா எங்கே போறது?

நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான்: சிறு, குறுந்தொழிலுக்கான கடன்ல 10 லட்சம் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. கடன் திரும்ப வரலைன்னா ஈடுகட்ட அரசோட கடன் உத்தரவாத நிதியம் 2000-ம் வருஷத்துல இருந்து இருக்கு. அதனால `அடமானம் இல்லைன்னா கடன் இல்லை'ன்னு யாராவது சொன்னா, சண்டை போடாம, `மறுக்கிற காரணத்தை எழுத்துல கொடுங்க சார்'னு கேளுங்க. அந்தப் பேப்பரோட மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்க. அவரோட வேலையில இதுவும் ஒண்ணு.

இன்னொண்ணு, இந்தத் திட்டங்களுக்கு ஏஜென்ட் தேவையே இல்லை. `சார்கிட்ட பேசி முடிச்சுத் தர்றேன், பத்தாயிரம் கொடு'ன்னு யாராவது வந்தா ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

தனியா முடியலைன்னா, கூட்டமா வாங்க

புளியை எடுத்துக்குவோம். சிறு வன விளைபொருளுக்கு மத்திய அரசு 2020-ல அறிவிச்ச குறைந்தபட்ச விலையில, கொட்டையோட இருக்கிற புளி கிலோ 36 ரூபாய். கொட்டை எடுத்தா 63 ரூபாய். கொட்டை எடுத்தா எடை குறையும்தான். ஆனாலும் அந்த வேலை மலையிலேயே நடந்தா, அதுக்கான கூலியும் மலையிலேயே தங்கும். வண்டியேறி டவுனுக்குப் போனா, கூலியும் கூடவே போயிடும்.

இதுக்காகத்தான் வன் தன் திட்டம் இருக்கு. 20 பேர் கொண்ட 15 குழுக்கள், மொத்தம் 300 பேர் சேர்ந்தா ஒரு மையத்துக்கு 15 லட்சம் வரை கிடைக்கும். விவசாயிகள் சேர்ந்து உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிக்கிற வழியும் இருக்கு. சமவெளியில 300 பேர் வேணும்னா, மலைப்பகுதிக்கு 100 பேரே போதும். முதல் மூணு வருஷ நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை உதவி. சம்பளம், வாடகை, கணக்கு எழுதுறதுன்னு யாரும் கண்டுக்காத செலவுக்குத்தான் இந்தப் பணம். கூட்டுத் தொழில்கள் படுத்துடுறதே பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

தொழில் வேணாம், வேலை போதும்னு நினைக்கிறீங்களா?

அதுல தப்பே இல்லை. எல்லாரும் முதலாளி ஆகணும்னு சட்டமா இருக்கு?

2014-ல தொடங்கின டி.டி.யு.ஜி.கே.ஒய் திட்டத்துல கிராமப்புற ஏழைக் குடும்பத்துப் பசங்களுக்குத் தங்குமிடத்தோட இலவசப் பயிற்சி. வயசு 15-ல இருந்து 35. பெண்களுக்கு 45 வரை. பயிற்சி கொடுத்த நிறுவனம், படிச்சு முடிச்சவங்கள்ல குறைஞ்சது 70 சதவிகிதம் பேருக்கு வேலை வாங்கித் தரணும். அதோட பணமும் தவணையாத்தான் வரும், வேலை கிடைச்சதைக் காட்டினாதான் அடுத்த தவணை. மாநில அரசு பக்கம், 2022 மார்ச்ல தொடங்கின `நான் முதல்வன்' இருக்கு.

சுயதொழில் கத்துக்கணும்னா மாவட்டத்துக்கு ஒண்ணா வங்கிகள் நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள். இந்த யோசனை 1982-ல கர்நாடகாவுல தர்மஸ்தலா பக்கத்துல இருக்கிற உஜிரேங்கிற ஊர்ல பிறந்தது. சாப்பாடு, தங்குறது எல்லாம் இலவசம். பயிற்சி முடிச்ச பிறகும் ரெண்டு வருஷம் கூடவே நின்னு வழிகாட்டணும்ங்கிறது அவங்க விதி. மூணு மாசம் தையல் சொல்லிக் கொடுத்துட்டு சர்டிஃபிகேட்டோட கைகழுவுறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் அங்கேதான்.

எந்தப் பயிற்சியில சேர்றதா இருந்தாலும் இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. சர்டிஃபிகேட் தேசிய அளவுல செல்லுமா, இல்ல உங்க சென்டர் பேர்ல மட்டும்தானா?
2. போன பேட்ச்ல எத்தனை பேர் வேலைக்குப் போனாங்க? அவங்கள்ல ரெண்டு பேரோட நான் பேச முடியுமா?
3. வேலை எந்த ஊர்ல? ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவு போக கையில என்ன நிக்கும்?
4. ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கி வெச்சுக்குவீங்களா? (`ஆமா'ன்னா வெளியே வந்துடுங்க!)

மூணாவது கேள்வி ரொம்ப முக்கியம். மலையில வளர்ந்த பிள்ளை திடீர்னு தொழிற்பேட்டை ஹாஸ்டல்ல பத்து பேரோட தங்கும்போது, ரெண்டாவது மாசமே ஊருக்குத் திரும்பத் தோணும். அது சோம்பேறித்தனம் கிடையாது. கணக்கு ஒத்துவரலை, அவ்வளவுதான். அதை முன்னாடியே போட்டுப் பார்த்துடுங்க.

இந்த வாரம் என்ன பண்ணலாம்?

உத்யம் பதிவு ஆன்லைன்ல இலவசம். மொபைல்லயே முடிச்சுடலாம், ஆதார் வேணும். உணவுத் தொழில்னா, சின்ன அளவுல தொடங்குறவங்களுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுங்க. என்ன செய்யப் போறேன், யார் வாங்குவாங்க, மாசம் எவ்வளவு செலவு, எவ்வளவு வரும்னு நாலே வரி எழுதுங்க. அந்த ரெண்டாவது வரிக்குப் பதில் இல்லைன்னா, எந்த மானியமும் உங்களைக் காப்பாத்தாது. அருவிப் பக்கம் இன்னொரு பஜ்ஜிக் கடை போட்டா, தண்ணி வத்தின மாசம் யார் வருவாங்கன்னும் யோசிச்சுக்குங்க.

திட்ட விதிகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். அதனால விண்ணப்பிக்கிற அன்னிக்கு என்ன விதின்னு மாவட்டத் தொழில் மையத்துல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அலைய விட்டா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் இருக்கு. மனு கொடுத்துட்டு ரசீதை மறக்காம வாங்குங்க. நீங்க கேட்கிறது சலுகைப் பணம்னு கூச்சப்பட வேணாம். நீங்களும் உங்க அம்மாவும் வாங்குற ஒவ்வொரு சோப்புலயும் வரி கட்டியிருக்கீங்க. அந்தப் பணம்தான் இது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமிர்திக்குப் போறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. திரும்பி வரும்போது மலைக்காரங்க விக்கிற சாமையில ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க. பொங்கல் பிரமாதமா இருக்கும்!