தவறு வேறு, துணிந்து மீறுவது வேறு

சொன்ன உயரத்தைத் தாண்டி விமானத்தைக் கொண்டுபோய்விட்டார் ஒரு விமானி. அவரைத் தண்டிக்கலாமா? தண்டிக்கத்தான் வேண்டும் என்போம். பின்னால் எத்தனை உயிர்கள்! ஆனால், அமெரிக்க விமானத்துறை உடனே அப்படிச் சொல்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1974 டிசம்பர் 1ஆம் தேதி, வாஷிங்டனின் டல்லஸ் நிலையத்தில் தரையிறங்க வந்த டிடபிள்யூஏ விமானம் மலையில் மோதி 92 பேரும் மாண்டனர். கட்டுப்பாட்டு நிலையம் தந்த அனுமதியை விமானிகள் வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, முன்கூட்டியே தாழ இறங்கிவிட்டனர். ஆறு வாரங்களுக்கு முன்புதான் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தால் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த எச்சரிக்கை அந்த நிறுவனத்தின் விமானிகளோடு நின்றுவிட்டது.

இந்த அனுபவத்தின் விளைவாக, 1976இல் நாசா நடத்தும் தகவல் திட்டம் தொடங்கியது. விமானி தம் தவற்றை 10 நாள்களுக்குள் எழுதி அனுப்பலாம். பெயர் நீக்கப்பட்டு, பாடம் மட்டும் எல்லாருக்கும் போகும். விதிமீறல் பின்னர் தெரியவந்தாலும் அபராதமோ உரிமத் தடையோ விதிக்கப்படாது. ஆனால், அது தெரியாமல் நடந்ததாக இருக்கவேண்டும். குற்றச்செயலாகவோ விபத்தாகவோ இருக்கக்கூடாது. முந்திய ஐந்தாண்டுகளில் வேறு மீறல் நிரூபணமாகியிருக்கவும் கூடாது.

2015இல் அந்நாட்டின் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம் இன்னும் ஒரு படி முன்னேறியது. நேர்மையாகத் தவறியவர், அதை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ள முன்வந்தால், ஆலோசனையும் மறுபயிற்சியுமே போதும் என்றது. வேண்டுமென்றே மீறியவர், அலட்சியமாக உயிரோடு விளையாடியவர், திருந்த மறுப்பவர் ஆகியோருக்கு இந்தச் சலுகை இல்லை.

2021 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஒருவர், காணொளி எடுப்பதற்காகவே தம் சிறு விமானத்திலிருந்து குதித்து, அதை விழவிட்டார். இயந்திரம் நின்றுவிட்டதாகப் பொய் சொன்னார். சிதைவுகளையும் அழித்தார். 2022இல் உரிமம் பறிபோனது. 2023இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

விமானியின் மனத்தை எப்படி அறிவது என்று கேட்கலாம். அவர் செயலே காட்டிவிடும். நடந்ததைத் தாமே சொன்னாரா, மறைத்தாரா? பயிற்சிக்கு வந்தாரா, வாதாடினாரா? அதே தவற்றை மறுபடி செய்தாரா?

ஒப்புக்கொள்பவரையே முதலில் தண்டித்தால், அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். அப்போது ஆபத்து யாருக்கும் தெரியாமலே காத்திருக்கும். நம் வேலையிடங்களுக்கும் இது பொருந்தும் அல்லவா?