பத்து நிமிடத்தில் எச்சரிக்கை: யார் காதுக்கு?

கந்த சஷ்டி நெருங்குகிறது. நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு நாள். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு சங்கரன்கோவில் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள்: திருச்செந்தூர் மணலில் சூரசம்ஹாரம் பார்த்துக்கொண்டு நிற்கும்போது செல்போனில் சுனாமி அலாரம் அடித்தால் என்ன செய்வது?

தரை குலுங்கினால் மேட்டுக்கு ஓடு என்பது ஜப்பான்காரர் பாடம். தமிழகக் கரைக்கு அது போதாது. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே 9.1 அளவு நிலநடுக்கத்தில் கடலடி உடைந்தது. இங்கே பெரும்பாலானோர் எதையும் உணரவில்லை. அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியும், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் ஆறாயிரம் பேர் மாண்டார்கள். நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை சொல்லும் வேலையைச் செய்கிறது. நிலநடுக்கம் நடந்து சுமார் 10 நிமிடத்தில் முதல் அறிக்கை என்கிறார்கள். ஆனால் அது அறிக்கை ஹைதராபாத்தை விட்டுக் கிளம்பும் நேரம். அங்கிருந்து சென்னை, கலெக்டர் அலுவலகம், தாலுகா, காவல் நிலையம் என்று இறங்கி மணலில் நிற்பவரின் காதுக்கு வர வேண்டும். அரசு பெருமையாகச் சொல்லும் கணக்கில் இந்தக் கடைசித் தூரம் சேரவில்லை.

2004இல் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் கிராமம் அந்தத் தூரத்தைத் தானே கடந்தது. சிங்கப்பூரில் டிவி பார்த்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அலறியது, ஊரே தப்பியது. அன்றாடம் அலை உயரம் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி என்பதால் யாரும் சந்தேகப்பட்டு நிற்கவில்லை. திருச்செந்தூரிலும் காணாமல் போன குழந்தைகளைத் தேடி விடாமல் அறிவிக்கும் மைக்குகள் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் செல்போனை விட அந்தக் குரல்தான் எடுபடும். எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதை விழா தொடங்கும்போதே அதில் சொல்லிவிட வேண்டும்.

வாசகர்களின் மற்ற கேள்விகள்: 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே 8.6 அளவு அதிர்ந்தும் பெரிய அலை எழவில்லையே? அன்று பாறைத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தன, கடலடி அவ்வளவாக உயரவில்லை. அன்று ஓடியவர்கள் செய்தது சரி.

இலங்கை அலையை மறைக்காதா? 2004இல் அலை இலங்கையைச் சுற்றி வளைந்து வந்துதான் குளச்சலை அடித்தது.

காரில் போகலாமா? வேண்டாம், நடந்தே உள்நோக்கிப் போங்கள்.

நேரமில்லாவிட்டால்? உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்தளம்.

முதல் அலை வடிந்ததும் திரும்பலாமா? கூடாது, அடுத்தது பெரிதாக இருக்கலாம்.

சங்கரன்கோவிலுக்கு அலை வருமா? வராது.