மாதக் கடைசியில் ஒரு மாலை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பணி நிறைவு பாராட்டு விழாவுக்கு யாரும் நாள் பார்ப்பதில்லை. அரசு ஊழியர் எந்தத் தேதியில் பிறந்திருந்தாலும், ஓய்வு வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாள் மாலையில்தான் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதத்தோடு கணக்கு முடிந்துவிடும். பெரும்பாலான ஊழியர்களுக்கு நெடுங்காலம் 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. விடைபெறத் தயாராக இருந்த பலர் மேலும் இரண்டு ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியரை, பாடம் பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காக, ஆண்டு முடியும்வரை மறுநியமனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஆசிரியர்களின் விழாக்கள் ஆண்டிறுதியில் குவிகின்றன. எழுத்தர், ஆய்வக உதவியாளர், இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்கு இந்த ஏற்பாடு இல்லை. மழைக்காலமோ அரையாண்டுத் தேர்வோ, அவர்கள் அந்த மாதக் கடைசியிலேயே கிளம்பியாக வேண்டும்.

விழாவுக்கு முன்னால் தாள்களின் வேலை இருக்கிறது. பணிப்பதிவேட்டைச் சரிபார்த்து, ஓய்வூதியக் கருத்துருவைச் சில மாதங்கள் முன்னதாகவே மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தணிக்கைத் தடைகள் இருந்தால் நீக்கியாக வேண்டும். ஓய்வு பெறுபவர் தலைமை ஆசிரியர் என்றால், இருப்புப் பதிவேட்டில் உள்ள மேசை, நாற்காலி வரை எண்ணிப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

மேடை நிகழ்ச்சியின் வரிசை எல்லாருக்கும் மனப்பாடம்: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரைகள், சட்டமிட்ட வாழ்த்து மடல், சக ஊழியர்கள் பணம் போட்டு வாங்கிய மோதிரம், ஏற்புரை, நன்றியுரை. ஓய்வு பெறுபவரின் கணவரையோ மனைவியையோ மேடையில் பக்கத்தில் உட்காரவைத்து மாலை போடுவது வழக்கம். கண்ணதாசன் எழுதி 1963இல் ‘இரத்தத் திலகம்’ படத்தில் வந்த பிரிவுப் பாட்டு இன்றும் பல பள்ளிகளின் ஒலிபெருக்கியில் கேட்கிறது.

பெரும்பாலான விழாக்கள் சோர்ந்துபோவது வாழ்த்துரைகளில்தான். ‘கடமை தவறாதவர்’, ‘பண்பின் சிகரம்’ என்பவற்றை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம்; பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த மாத விழாவுக்கும் பொருந்தும். கணக்கு வராத பிள்ளையை மதிய வேளையில் தனியே உட்காரவைத்துச் சொல்லித்தந்தவர், மாற்றுச் சான்றிதழுக்கு வந்தவரை மறுநாள் வா என்று திருப்பி அனுப்பாதவர் என்று செய்த வேலையைப் பெயர் சொல்லிப் பேசும்போதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அப்படிப் பேசப் பழைய மாணவர்களே ஏற்றவர்கள். அவர்களுக்கு ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டுச் சிறப்பு விருந்தினருக்கு அரை மணி நேரம் கொடுப்பது ஏன் என்று விழாக் குழுக்கள் யோசிக்கலாம்.

பதவியின் உயரமே விழாவின் அளவையும் தீர்மானிக்கிறது. தலைமை ஆசிரியருக்குத் திருமண மண்டபம். சமையலருக்குப் பல இடங்களில் ஆசிரியர் அறையில் தேநீரும் ஒரு சேலையும். எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் வேலைகளில் கணவரை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. அப்போது இருபது வயதை ஒட்டிச் சேர்ந்தவர்கள் அண்மை ஆண்டுகளில்தான் ஓய்வு பெற்று முடித்தார்கள். எந்தப் பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்கும், எது கேட்கக் கூச்சப்படும் என்பதெல்லாம் அறிந்தவர்கள். மற்ற அரசு ஊழியருக்குரிய ஓய்வூதியம் அவர்களுக்குக் கிடையாது; சிறு தொகையாக ஒரு சிறப்பு ஓய்வூதியம் மட்டுமே. அவர்களுக்கு விழா எடுக்கும் பள்ளிகள் பொன்னாடைக்குப் பதிலாகப் பணமுடிப்பு தருவது பொருத்தமாக இருக்கும்.

விழா முடிந்ததும் ஓய்வு பெற்றவரை உடன் பணியாற்றியவர்கள் காரில் வீடுவரை கொண்டுபோய் விடுவார்கள். சில ஊர்களில் மேளதாளத்தோடு ஊர்வலமும் நடக்கும். இதற்குப் புகழ்பெற்ற முன்னோடி ஒன்று உண்டு. திருத்தணிக்காரரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் மைசூர் மகாராஜா கல்லூரியிலிருந்து 1921இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் பூ அலங்கரித்த வண்டியில் அவரை அமர்த்தி, ரயில் நிலையம்வரை தாங்களே இழுத்துச் சென்றார்கள். அது ஓய்வல்ல, வேறு பணிக்குப் போன பயணம்தான்.

விடைபெறுபவரும் வெறுங்கையோடு போவதில்லை. அன்றைய விருந்து அவர் செலவு. பீரோ, மின்விசிறி, ஒலிபெருக்கி என்று பள்ளிக்கு எதையாவது வாங்கித் தருகிறவர்கள் உண்டு. வசதியுள்ளவர்கள் ஒரு தொகையை வங்கியில் வைப்பாகப் போட்டு அறக்கட்டளை ஏற்படுத்துகிறார்கள். அதன் வட்டியில் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ முதல் மதிப்பெண் பெறுபவருக்கு அவர்கள் பெயரில் பரிசு போகிறது. சில ஆண்டுகளில் அந்தப் பெயருக்கு உரியவர் யாரென்றே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் சில பள்ளிகள் ஆண்டுவிழாவுக்கு அவரையே அழைத்து, அவர் கையாலேயே பரிசைக் கொடுக்கச் சொல்கின்றன.