ஆறாத புண்ணும் ஆக்சிஜன் அறையும்

அமராவதிபுதூரிலோ தேவகோட்டையிலோ நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால், யாராவது ஒரு சர்க்கரைக்காரரின் கால் பேச்சில் வந்துவிடும். செருப்புக் கடித்த சின்னக் காயம், மாதக்கணக்கில் ஆறவில்லை, கடைசியில் விரலை எடுத்துவிட்டார்கள். நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஆகவே இந்தப் பேச்சு சீக்கிரம் ஓயாது. “ஆக்சிஜன் அறையில் படுக்க வைத்தால் ஆறிவிடுமாமே?” என்ற கேள்வியும் இப்போது அதோடு சேர்ந்து வருகிறது.

ஆறும், சிலருக்கு. யாருக்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

புண் ஆற ஆக்சிஜன் நிறைய வேண்டும். வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வது அதை வைத்துத்தான். புதுச் சதையைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் நாரும் அது இல்லாமல் உருவாகாது. சர்க்கரைக்காரரின் காலில் ரத்தக் குழாய் சுருங்கி, புண்ணைச் சுற்றி வீக்கமும் கண்டுவிட்டால், அந்த இடத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேருவது பெரும்பாடு.

மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் போதாதா? போதாது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதே ஹீமோகுளோபின் ஏறக்குறைய 97 சதவீதம் நிரம்பிவிடுகிறது; அதில் இன்னும் ஏற்ற இடமில்லை. மிச்சமிருக்கும் வழி, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கரைப்பது. சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் அப்படிக் கரைந்திருப்பது 0.3 மில்லிதான். ஆனால் அழுத்தம் கூடினால் வாயு அதிகம் கரையும். கோலி சோடாவில் நடப்பது அதுவே. நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் மூன்று மடங்கில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால், அந்த 0.3 ஏறக்குறைய 6 மில்லி ஆகிறது. சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு அதுவே போதும். ஆம்ஸ்டர்டாமில் போரேமா என்ற அறுவை மருத்துவர் 1960-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: சிவப்பணுக்களை அநேகமாக முழுவதும் எடுத்துவிட்ட பன்றிகள் அழுத்த அறைக்குள் உயிரோடு இருந்தன.

புண்ணுக்கான சிகிச்சையில் அழுத்தம் பெரும்பாலும் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. ஒருவர் மட்டும் படுக்கும் கண்ணாடி போன்ற உருளையும் உண்டு; பலர் உட்கார்ந்து முகமூடி வழியாகச் சுவாசிக்கும் அறையும் உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் 20 முதல் 40 தடவை. காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் விடும். சர்க்கரை திடீரென்று இறங்கலாம் என்பதால் உள்ளே போகுமுன் சோதித்துவிடுவார்கள். கிட்டப்பார்வை கொஞ்ச காலம் கூடலாம். அரிதாக வலிப்பும் வரும். அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சாகும் என்பதை பிரெஞ்சுக்காரர் போல் பெர் 1878-லேயே எழுதிவிட்டார். நுரையீரல் கிழிந்து நெஞ்சுக்குள் காற்று சேர்ந்திருப்பவரை, அதைச் சரிசெய்யாமல் உள்ளே விடவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய பயம் தீ. பருத்தி உடைதான் போடலாம். செல்போன், தீப்பெட்டி ஆகாது. தலையில் எண்ணெய்ப் பசை கூடாது. எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்டாத நம் ஆச்சிகளுக்கு இதுதான் பெரிய தண்டனையாகத் தெரியும். ஆனால் 1997-ல் இத்தாலியின் மிலான் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் இப்படியோர் அறை தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள்.

இந்தச் சிகிச்சைக்குப் பழைய கெட்ட பெயரும் உண்டு. 1928-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர் ஐந்து மாடி உயர எஃகு உருண்டை ஒன்றைக் கட்டி, அழுத்தக் காற்றில் சர்க்கரை முதல் புற்றுவரை குணமாகும் என்றார். மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டது, அவர் தரவில்லை. உருண்டை பின்னால் பழைய இரும்புக்குப் போனது.

இன்று ஆதாரம் இருக்கிறது, ஆனால் ஒரே திசையில் இல்லை. 2010-ல் வெளியான சுவீடன் ஆய்வில், 94 சர்க்கரைக்காரர்களில் ஆக்சிஜன் பெற்றவர்களுக்கு ஓராண்டில் 52 சதவீதம் ஆறியது. வெறும் அழுத்தக் காற்று பெற்றவர்களுக்கு 29 சதவீதம். 2018-ல் நெதர்லாந்தில் 120 பேரிடம் நடந்த ஆய்வோ தெளிவான பலன் எதையும் காட்டவில்லை. அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், புண் ஆழமாக இறங்கி, முறையான வைத்தியம் 30 நாள் செய்தும் தேறாதவர்களுக்கு மட்டுமே இதற்குப் பணம் தருகிறது. எனக்கு அந்த அளவுகோல் நியாயமாகவே படுகிறது.

முறையான வைத்தியம் என்பதில் பாதி, புண்ணின் மேல் மிதிக்காமல் இருப்பது. அதை உலகத்துக்கு அழுத்திச் சொன்னவர்களில் ஒருவர், கொல்லிமலையில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய பால் பிராண்ட். தொழுநோயாளியின் சதை தானாக அழுகுவதில்லை, மரத்துப்போன காலில் வலி தெரியாமல் மிதித்து மிதித்தே புண்ணாகிறது என்று அவர் காட்டினார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பியதும் பல புண்கள் ஆறின. சர்க்கரைக் காலுக்கும் இதே கதைதான். தைப்பூசத்துக்குப் பழனிவரை வெறுங்காலில் நடக்கும் செட்டிநாட்டில் இதை உரக்கவே சொல்ல வேண்டும்: கால் மரத்தவர்கள் செருப்போடு நடங்கள், முருகன் கோபிக்க மாட்டான்.

ஊதினால் உப்பும் துணிப் பைகளை ‘ஆக்சிஜன் சிகிச்சை’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் அழுத்தம் 1.3 மடங்கு அளவுதான். மேலே சொன்ன கணக்கு அங்கே செல்லாது.

ஆகவே அறைக்குப் பணம் கட்டுமுன் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்த்தீர்களா, எலும்பில் சீழ் இருக்கிறதா, புண்ணின் மேல் பாரம் விழாமல் இருக்க என்ன செய்திருக்கிறீர்கள்? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு அறையைப் பற்றிப் பேசலாம்.